பணிக்குத் திரும்பாதவன்

"அம்மா, இந்த நம்பர் உங்க சின்னவரோடதுதானா பாருங்க."

வந்தவன் வாசலில் நின்று முதலில் சொன்னது இதுதானா, இதற்கு முன் வேறு ஏதாவது சொன்னானா என்பது அம்மாவுக்கு இன்று நிச்சயமில்லை. அவன் கைக்குட்டையைப் பிரித்தது மட்டும் அப்படியே கண்ணில் நிற்கிறது. உள்ளே வட்டமாக ஒரு தகடு. பட்டாளத்துக்காரர்கள் கழுத்தில் போட்டிருப்பது. கறை ஏறிப்போயிருந்தது. மகனுக்குக் கடிதம் எழுதி எழுதி அவளுக்கு அந்த எண் மனப்பாடம். கடைசி மூன்று இலக்கங்களை விரலால் தடவியே படித்துவிட்டாள்.

"உள்ள வா தம்பி. மூணு மாடி ஏறி வந்திருக்கே, எப்படி மூச்சு வாங்குது பாரு."

"பரவாயில்லம்மா. பழைய தெருவுல விசாரிச்சேன். இங்க குடிவந்துட்டீங்கன்னு சொன்னாங்க."

"என்னன்னு சொன்னாங்க? ஓடிப்போனவன் வீடுன்னா?"

அவள் கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் கீழே வைத்தான்.

பத்து வருடமாக அந்தக் குடும்பத்துக்கு அதுதான் பெயர். சின்னவன் ஒரு மாத விடுப்பில் வந்திருந்தான். அந்த நேரம் பார்த்து மகளுக்குப் பிரசவம். அம்மா அங்கே போக வேண்டியதாயிற்று. விடுப்பு முடிந்த அன்று தம்பியைத் தானே ரயிலேற்றி விட்டதாகப் பெரியவன் சொன்னான். அடுத்த மாதம் ராணுவத்திலிருந்து கடிதம் வந்தது: விடுப்பு முடிந்து பணிக்குத் திரும்பவில்லை. அதற்கப்புறம் இரண்டு தடவை ஆட்கள் வந்து பரணையும் அலமாரியையும் குடைந்துவிட்டுப் போனார்கள். கடைத்தெருவில் ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டாள், "உங்க வீரன் எந்தக் கட்டிலுக்கடியில ஒளிஞ்சிருக்கான்?"

அன்றிலிருந்து அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவன் உயிரோடு வர வேண்டும் என்றுகூட இல்லை. அவன் ஓடிப்போகவில்லை என்று யாராவது ஒருவர் வந்து சொன்னால் போதும்.

"குளிக்கும்போதுகூட இதைக் கழட்ட மாட்டான் தம்பி. மாட்டுக்கு மணி கட்டின மாதிரி என்னடா இதுன்னு திட்டுவேன். 'மாடு தொலைஞ்சா தேடிப் புடிக்கத்தானேம்மா மணி'ம்பான், தடியன்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

"அப்ப அவன் போயிருக்கான். ரயில் ஏறினவன் நேரா வேலைக்குத்தான் போயிருக்கான். வழியில எங்கேயோ, பனியிலயோ பள்ளத்துலயோ... அதானே தம்பி?"

"அம்மா..."

"சொல்லு. நான் அழ மாட்டேன். அழுது முடிச்சு நாளாச்சு." அவன் வாய் திறப்பதற்குள் அவளே உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "டேய் பெரியவனே! இங்க வா. உன் தம்பி ஓடிப்போகலடா!"

பெரியவன் சவரத்தைப் பாதியில் விட்டு, ஒரு கன்னத்தில் நுரையோடு வந்தான். தகட்டைப் பார்த்தான். தொடவில்லை. கீழே தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்து, நின்று, மறுபடி கிளம்பிப் போயிற்று. அவன் கன்னத்து நுரை காய்ந்து, வெள்ளை வெள்ளையாகப் பிரிந்தது.

"பழைய சாமான் கடையில இந்த மாதிரி நூறு கிடைக்கும்மா," என்றான் கடைசியில். "உங்களுக்கு என்னங்க வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம் சார்."

"கொண்டுவந்து குடுத்தாச்சில்ல? கிளம்புங்க. எங்கம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு."

"வாயை மூடுடா. தண்ணிகூடக் குடிக்கல அந்தப் புள்ள, விரட்டுறியே." அம்மா தகட்டை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டாள். "நீ சொல்லு தம்பி. நீ எந்தப் பட்டாளம்? எந்த மலையில கிடைச்சது இது?"

வந்தவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அவளும் பார்த்தாள். நகக்கண்ணெல்லாம் சிமெண்ட்.

"நான் பட்டாளத்துக்காரன் இல்லம்மா. கொத்து வேலை செய்யிறவன். நீங்க வித்தீங்களே, அந்த வீட்டைத்தான் இடிச்சிட்டிருக்கோம். இன்னிக்குக் காலையில சமையலறைத் தரையைப் பேர்த்தோம். அடுப்புக்கு முன்னால, நின்னு சமைக்கிற இடம்." கைக்குட்டையை மடித்தான். "தகடு தனியா இல்லம்மா. மேஸ்திரி போலீசுக்குப் போயிருக்காரு. அவங்க வந்து சொல்றதுக்கு முன்னாடி நாமளே போய்ப் பக்குவமா சொல்லிடலாம்னுதான் ஓடி வந்தேன்."

அம்மா பெரியவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன், 'யாரு, எப்படி, என்ன சொல்றீங்க' என்று எதையுமே கேட்கவில்லை.

"இடிக்க மாட்டேன்னு சொல்லித்தானே அந்தாளு வீட்டை வாங்கினான்?" என்றான்.

வீட்டை விற்பதில் தம்பியோடு வந்த வாய்ச்சண்டை, ஒரே ஒரு தள்ளு, அவ்வளவுதான் என்று நீதிமன்றத்தில் சொன்ன பெரியவன் இப்போது சிறையில் இருக்கிறான். கொத்து வேலைக்காரன் சாட்சி சொல்லிவிட்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். பழைய கடிதத்தை ரத்து செய்த ராணுவம், சின்னவன் விடுப்பில் இருந்தபோதே இறந்துவிட்டான் என்று ஒரு புதுக் கடிதம் அனுப்பியது. அம்மா மகளோடு இருக்கிறாள். துணி துவைக்கிறாள், பேரப்பிள்ளைக்குத் தலை வாரிவிடுகிறாள், சமையலறைக்குள் மட்டும் கால் வைப்பதில்லை.