சிவப்பு நாடாச் சப்பாத்து

களவெடுக்கப் போன வீட்டிலும், மகள் சிவப்பு நாடா கோத்துக் கொடுத்த சப்பாத்தைப் பழக்கதோஷத்தில் வாசலிலேயே கழற்றி வைத்தான் கோணேசன். ஹோர்சன்ஸ் நகரில் அந்த வீட்டுக்காரர் எல்லோரும் கலியாண மண்டபத்தில் இருந்தார்கள். கோணேசனுக்கு இதில் துளியும் மனமில்லை.

"நான் கீழ நிக்கிறன் மச்சான். நீ பயப்பிடாமல் மேல போ," என்றான் மனைவியின் தமையன் சிவபாலன்.

நகையோடு இறங்கி வந்தபோது சிவபாலனும் இல்லை, காரும் இல்லை, சப்பாத்தும் இல்லை. பனியில் காலுறையோடு நின்றவனைப் பொலிஸ் கொண்டுபோனது.

பொலிஸ் நிலையத்துக்கு மனைவி சுஜீதா வந்தாள். "அண்ணையில ஏன் பழி போடுறீங்கள்? காலமையிலயிருந்து அவர் மண்டபத்திலதான் நிண்டவர்," என்று கைபேசியில் கலியாண வீடியோவைக் காட்டினாள்.

சிவபாலன் பந்தியில் சோறு பரிமாறிக்கொண்டிருந்தான். அவன் காலில் சிவப்பு நாடாச் சப்பாத்து. நாடாவில் பனி இன்னும் கரையவில்லை.