மடை திறக்கப் பயந்த தொட்டி

நம்பினால் நம்புங்கள், கணினிக்குள்ளே பில்டர், அதாவது கட்டிச் சேர்ப்பவன், என்றொரு தொட்டி இருந்தது. வருகிற எண்களையெல்லாம் சேர்த்துவைத்து ஓடையாக ஓடவிடுவது அதன் வேலை. மடையைத் திறந்துவிட்டால் அப்புறம் ஒருவரையும் சேர்க்க முடியாது. அந்தப் பயத்திலேயே அது திறக்காமல் இருந்தது.

"அண்ணே, மூச்சு முட்டுது. திறங்க!" என்றது மூன்று.

"பொறு தம்பி, ஒன்பது வர்றேன்னு சொல்லியிருக்கான்."

"அவன் தலை சீவி முடிக்கவே பொழுது சாஞ்சிரும்," என்றது எட்டு. "நாங்க ஓட வந்தோமா, இங்கே குடித்தனம் பண்ண வந்தோமா?"

தொட்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு மடையைத் திறந்தது. எண்கள் கும்மாளமிட்டு ஓடின.

அப்போதுதான் ஒன்பது வந்து சேர்ந்தது. "அண்ணே, எனக்கு இடம் இருக்கா?"

"ஏகப்பட்ட இடம் இருக்கு. மடை திறந்தாச்சே, இனி ஏத்தத்தான் முடியாது," என்றது தொட்டி, உடம்பு லேசான சுகத்தில். "வா, பக்கத்துல உட்காரு. பயலுக என்னமா ஓடுறானுக பாரு!"