பிளம் மரத்துச் சிவப்புக் காளான்

மலைச்சரிவில் பாதி பட்டுப்போன ஒரு பிளம் மரத்தின் அடியில் சிவப்புக் காளான் ஒன்று முளைத்திருந்தது. ஆயுளைக் கூட்டும் மருந்து என்று காடே அதைக் கொண்டாடியது. காளானுக்கு மட்டும் மனசு உறுத்திக்கொண்டே இருந்தது.

"உன்னைத் தின்றுதான் நான் வளர்கிறேன். உனக்குத் தெரியுமா?" என்று ஒருநாள் மரத்திடம் கேட்டேவிட்டது.

"நீ முளைத்த அன்றைக்கே தெரியும்," என்றது மரம்.

அந்த நேரம் பார்த்து, நூறு வயது வாழ ஆசைப்பட்ட குரங்கு ஒன்று காளானைத் தேடிக்கொண்டு வந்தது.

"என்னைக் கொடுத்துவிடு. நீயாவது பிழைத்துக்கொள்வாய்," என்றது காளான்.

மரம் மிச்சமிருந்த இலைகளையெல்லாம் உதிர்த்து அதை மூடிவிட்டது. குரங்கு சுற்றிச்சுற்றித் தேடிவிட்டு வெறுங்கையோடு போனது.

"ஏன் இப்படிச் செய்தாய்?" என்று கேட்டது காளான்.

"பேசாமல் சாப்பிடு," என்றது மரம்.