நம்மட ஆடுகள்

ஹாசிம் ஹாஜியார் தன் கையாலேயே வேலியின் முள்ளுக்கம்பியை அவிழ்க்கிறார். மாட்டுத் தீனிக்கு விதைத்த சோளம் முழுக்கப் படைப்புழு. சல்லடையான இலைகளுக்குள்ளால் காலை வெயில் விழுகிறது. சில கிழமைகளுக்கு முன் அடித்த மருந்துக்குப் புழு சாகவில்லை. “உள்ளுக்கு உடுங்க புள்ள. புழுவோட சேத்துத் தின்னட்டும். நம்மட ஆடுகள்தானே.” தொண்ணூறாம் ஆண்டில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்து, இன்னும் அகதி முகாமடியிலேயே குடியிருக்கும் ஸுஹைரா தன் ஆட்டுப்பட்டியை வயலுக்குள் திருப்பிவிடுகிறாள். போன மாதம்வரை ஹாஜியாரின் வாயில் இவை அகதி ஆடுகள். அவர் எறிந்த கல்லில் நொண்டியான ஆடுதான் முதலில் நுழைகிறது. குருத்தும் புழுவும் ஒன்றாக அரைபடும் சத்தம் வயலெங்கும் பரவுகிறது. ஸுஹைரா கேட்கிறாள்: “அடிக்கட்டை திரும்பத் துளிர்த்தா, அப்பவும் நம்மட ஆடுகள்தானா, ஹாஜியார்?” அவர் முள்ளுக்கம்பியைச் சிக்கில்லாமல் வட்டமாகச் சுருட்டி, வேலிக்கட்டையிலேயே பத்திரமாக மாட்டிவைக்கிறார்.