வாரம் ஏழு சென்டிமீட்டர்

இன்ஜினீயர் சுவரில் டேப்பை வைத்ததுமே வீட்டுக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பக்கத்தில் நறுக்கிய வெங்காயம் மலைபோல் குவிந்திருந்தாலும், வீட்டை நினைத்துத்தான் அழுகிறாள் என்று அவருக்குத் தோன்றியது.

அந்தச் சமையலறை விரிசலை அளக்க அவர் வருவது இது ஐந்தாவது திங்கட்கிழமை. முதல் வாரம் நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். பிறகு ஐம்பது, ஐம்பத்தேழு, அறுபத்து நான்கு. இன்று எழுபத்தொன்று.

"அம்மா, என் நீலச் சட்டை எங்க?" என்று மாடியிலிருந்து பெரிய மகன் கேட்டான். "அத்தை, டிபன் பாக்ஸ் ஆச்சா?" என்றாள் சின்ன மருமகள். அம்மாள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பெருமூச்சு விட்டாள்.

இன்ஜினீயர் மகன்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"வாரம் ஏழு ஏறுது. எத்தனையாவது வாரமோ அதை ஏழால பெருக்கி, முப்பத்தாறைக் கூட்டினா அன்னிக்கு நீளம் வந்துடும். விரிசல் ஆரம்பிச்ச இடத்துலேர்ந்து உத்தரம் நூத்தி இருபதுல இருக்கு. அதைத் தொட்டுச்சுன்னா எல்லாரும் காலி பண்ணியாகணும்."

"எப்ப சார் தொடும்?"

அவர் கால்குலேட்டரைத் தேடினார்.

"பன்னிரண்டாவது வாரம்," என்றாள் அம்மாள், வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

மகன்களின் முகம் தொங்கிப்போனது. அப்பா பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. கடைசியில் பெரியவன் ஆபீஸ் பக்கத்தில் வீடு பார்ப்பதென்றும், சின்னவன் மாமனார் தெருவுக்குப் போவதென்றும் முடிவாயிற்று.

"எனக்கு ஒத்தை ரூம் போதும்ப்பா," என்றாள் அம்மாள்.

வாசலில் ஸ்கூட்டர் மேல் நோட்டை வைத்து ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார் இன்ஜினீயர். மற்ற வீட்டு விரிசல்களும் அதே நோட்டில்தான் இருந்தன. ஒரு வாரம் மூன்று ஏறும், மறுவாரம் பதினொன்று, அப்புறம் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும். வாய்ப்பாடு மாதிரி ஏழு ஏழாக ஏறியது இது ஒன்றுதான்.

சூத்திரம் அழகாக அமைந்த சந்தோஷத்தில் இதைக் கோட்டை விட்டுவிட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. அலுப்போடு மறுபடி உள்ளே போனார். சமையலறையில் அம்மாள் மட்டும் அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"சுவர் ஸ்கேல் வெச்சுக்கிட்டு விரியாதும்மா. யாரோ வாராவாரம் அளந்து சுரண்டறாங்க. உங்க மருமகளுங்களுக்குத் தனிக்குடித்தனம் போற ஆசையோ?"

"ஐயோ பாவம், அதுங்க மேல பழி போடாதீங்க."

அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"இவங்க தனித்தனியாப் போனாத்தான் தம்பி, நான் கொஞ்சம் உட்கார முடியும்."