பெயர் வராத வசனம்

காலை ஜெபத்தில் மாமனார், வசனத்துக்கு நடுவே பேரப்பிள்ளையின் பெயரைச் சேர்த்து வாசிப்பார். முதலில் பேரனுக்கு, பிறகு பேத்திக்கு. சில நாட்களாக மூன்றாவது முறையும் வாசிக்கிறார். பெயர் வரவேண்டிய இடத்தில் மட்டும் நின்றுவிடுகிறார்.

“தாத்தாவுக்குப் பேரே மறந்துபோச்சு!” பேரன் சிரித்தான்.

“வாலு, சும்மா இரு.” மருமகள் மாமியாரைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். “அத்தை, மாமாவுக்கு மறதி முத்திடுச்சு. இன்னைக்கே டாக்டரைப் பார்த்துடலாம்.”

“மறதி இல்லம்மா.”

“பின்னே? இருக்கிறது ரெண்டு பிள்ளைங்க. மூணாவது யாருக்கு?”

மாமியார் அடுப்பை அணைத்தாள்.

“போன வருஷம் உன் வயித்துல அஞ்சாம் மாசத்துல கலைஞ்சு போச்சே, அதுக்கு. இத்தனை நாளும் மனசுக்குள்ளதான் வாசிச்சாரு. இப்ப காது மந்தம். சத்தமா வர்றது அவருக்கே தெரியலை. பேர் தெரியாம அந்த இடத்துல நிக்கிறாரு.”

வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்றே மருமகள் நினைத்திருந்தாள்.

கூடத்துக்குப் போய் மாமனாரின் காதருகே குனிந்தாள்.

“மாமா, பாப்பாவுக்கு ஒரு பேர் வெச்சிருந்தேன். சொல்லட்டுமா?”