பார்சல்

தானாக ஓடும் காரில் போகிறவர்களைக் கண்டாலே சவரிராயனுக்கு இளக்காரம். "பார்சல் போவுது பாரு!" என்பார். புதுச்சேரியிலேயே ஸ்டியரிங் பிடிக்கிற ஒரே ஆண்பிள்ளை தான்தான் என்ற மிதப்பு. குடைப்பிடி போல நீட்டிக்கொண்டிருக்கும் கியரை இழுத்துத் தள்ளி, அந்தப் பழைய பிரெஞ்சுக் காரை அதட்டியே ஓட்டுவார். உரிமம் புதுப்பித்தபோது உள்ளே பொருத்திய அரசாங்கப் பெட்டி, சும்மா வேவு பார்க்கத்தான் என்பது அவர் நினைப்பு.

அன்று கடற்கரைத் திருப்பத்தில் அடுக்குத் தும்மல் வந்தது. இரண்டு கையும் மூக்குக்குப் போய்விட்டன. ஸ்டியரிங் தானே வளைந்தது, கியர் தானே உள்ளே போனது, கார் அழகாகத் திரும்பியது.

பக்கத்து சீட்டில் போன் பேசிக்கொண்டிருந்த மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒனக்குத் தெரியுமா?"

"பெட்டி மாட்டுன அன்னிக்கே தெரியும்" என்ற பிலோமின், போனில் மகளிடம் பேச்சைத் தொடர்ந்தாள்.

"வந்துகிட்டே இருக்கோம்டி. அப்பாவா? பத்திரமா வருது, பார்சல்."